'நிறைவு' என்று சொல்ல நினைத்தேன், 'மறைவு' என்று வந்தது

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 43 வயதுத் தமிழாசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

ஏப்ரல் கடைசியில் அவருடைய பள்ளித் தலைமை ஆசிரியருக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. தொகுப்புரை இவருடைய பொறுப்பு. "ஐயாவின் பணி நிறைவையொட்டி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஐயாவின் மறைவையொட்டி" என்று வந்துவிட்டது. அடுத்த நொடியே அது அவர் காதில் விழுந்தது, திருத்திக்கொண்டார். அதற்குள் முன்வரிசை சிரித்துவிட்டது. யாரோ எடுத்த சின்ன வீடியோ ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. "மனசுல இருக்கிறதுதானே வாயில வரும்" என்று ஒருவர் அதற்குக் கீழே எழுதினார். தலைமை ஆசிரியரிடம் இதுவரை மூன்று முறை மன்னிப்புக் கேட்டாயிற்று.

அன்றிலிருந்து வாயைத் திறக்கவே பயம். வகுப்பில் "வேற்றுமை உருபு" என்பதற்கு "ஒற்றுமை உருபு" என்கிறார். வீட்டில் "குக்கரை இறக்கு" என்று சொல்ல நினைத்து "ஃபேனை இறக்கு" என்கிறார். மகனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சில நேரம் சொல்லே கிடைக்காமல் "அதான்... அந்த..." என்று கையை ஆட்டுகிறார். பிப்ரவரியிலேயே ஒருநாள் கரும்பலகை முன் நின்று 'உவமை' என்ற சொல் வராமல் திணறியதும் இப்போது ஞாபகம் வருகிறது. காலை இறைவணக்கக் கூட்டத்தில் பேசுவதை நிறுத்திவிட்டார். பாடத்தை மாணவர்களையே வாசிக்கச் சொல்கிறார். தவறிவிடும் என்று தோன்றும் சொற்களைச் சுற்றி வளைத்துத் தவிர்க்கிறார்.

அவருடைய பெரிய பயம் வேறு. அவர் அப்பாவுக்கு 62 வயதில் பக்கவாதம் வந்து பேச்சு சிதறிப் போனது. கரண்டியைக் காட்டி 'பேனா' என்பாராம். போன வருடம் காலமானார். "எனக்கும் அதுதான் ஆரம்பித்துவிட்டதா டாக்டர்? விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவதுபோல மரத்துப் போகிறது. கவலையில் நான்கு கிலோ குறைந்துவிட்டேன்" என்கிறார். மாமியார், கும்பகர்ணன் நாக்கில் சரஸ்வதி விளையாடிய கதையைச் சொல்லி, கூத்தனூருக்குப் போய் வரச் சொல்கிறார். தோழி ஒருவர் படபடப்புக்கு என்று தான் சாப்பிடும் ப்ராப்ரனலாலைக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் தினத்துக்கு மறுபடியும் தொகுப்புரை சொல்லச் சொல்கிறார்கள். மறுத்துவிடலாமா, விருப்ப ஓய்வே வாங்கிவிடலாமா, மனநல மருத்துவரிடம் போனால் பள்ளியில் தெரிந்துவிடுமா என்பவை மற்ற கேள்விகள்.

கடைசி வரி இது: "மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. சின்ன வயதில் வீசிங் இருந்தது. ஒற்றைத் தலைவலிக்கு ஜனவரியிலிருந்து டோபிரமேட் சாப்பிடுகிறேன், மார்ச்சில் 100 மில்லிகிராம் ஆக்கினார்கள், தலைவலி நன்றாகக் குறைந்திருக்கிறது."

அன்புள்ள டீச்சருக்கு,

நான்கு பக்கத்தில் எனக்கு மிகவும் உதவியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த மாத்திரை

டோபிரமேட் நல்ல மருந்து. வலிப்புக்குக் கொடுப்பார்கள், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும் கொடுப்பார்கள். ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்குத் தெரிந்த சொல் சட்டென்று வாயில் வராது. யோசனை மந்தமாகும், கவனம் நழுவும். இது மருந்தோடு கொடுக்கும் தாளிலேயே இருக்கும் பக்கவிளைவு. டோஸ் கூடக்கூட இதுவும் கூடும். நீங்கள் ஜனவரியில் தொடங்கியிருக்கிறீர்கள், பிப்ரவரியில் 'உவமை' கிடைக்கவில்லை. மார்ச்சில் டோஸ் ஏறியது, ஏப்ரலில் அந்த விழா. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

இன்னொன்று. விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற மரமரப்பும் உடல் எடை குறைவதும் இதே மருந்தின் தெரிந்த விளைவுகள்தான். ஒன்றைப் பக்கவாதத்தின் அறிகுறியாகவும் மற்றதைக் கவலையின் அடையாளமாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சோடா, கோலா எதையாவது குடித்துப் பாருங்கள். சுருசுரு என்று இல்லாமல் சப்பென்று தெரிந்தால் அதுவும் இந்த மருந்து செய்யும் வேலைதான். சில பேருக்கு இது மனநிலையையும் கொஞ்சம் கலைத்துவிடும், எரிச்சலும் பதற்றமும் வரும்.

இதைப் படித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எழுதிக் கொடுத்த நரம்பியல் மருத்துவரிடம் போய், "இது தொடங்கிய பிறகு பேசும்போது சொல் வருவதில்லை, மாற்றிச் சொல்கிறேன்" என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். டோஸைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்பதை அவர் முடிவு செய்வார். மருந்து குறையும்போது இந்தத் தடுமாற்றமும் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை தண்ணீர் நிறையக் குடியுங்கள், இந்த மருந்தில் சிறுநீரகக் கல் வரவும் வாய்ப்பு உண்டு. வகுப்புக்கு நடுவே எழுந்து போக முடியாதென்று ஆசிரியைகள் தண்ணீரே குடிக்காமல் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரில் பார்க்காமல் 'இதுதான் காரணம்' என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் 'மூளை நோயா, மனநோயா' என்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். இரண்டும் இல்லாமல், ஒரு மாத்திரையின் விளைவும் அதன்மேல் ஏறி உட்கார்ந்த பயமுமாகக்கூட இருக்கலாம்.

அப்பாவுக்கு வந்ததும் உங்களுக்கு நடப்பதும்

அப்பா கரண்டியைப் பேனா என்று சொன்னபோது அது தவறு என்று அவருக்கு எப்போதும் தெரிந்ததா? நீங்கள் எழுதவில்லை. மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டவர்களில் பலர் தவறாகச் சொன்னதை உணர்வதே இல்லை, நாம் புரியாமல் விழித்தால் நம்மேல் கோபப்படுவார்கள். தவறு என்று தெரிந்தும் சரியான சொல்லை எட்ட முடியாமல் அழுகிறவர்களும் உண்டு. உங்களுக்கோ அடுத்த நொடியே தெரிகிறது, திருத்தியும் விடுகிறீர்கள். நான்கு பக்கம் பிழையில்லாமல் எழுதியும் இருக்கிறீர்கள். ஒரே ஓர் ஒற்று விடுபட்டிருந்தது, அதையும் மேலே செருகியிருந்தீர்கள்.

பக்கவாதம் மூன்று மாதமாக மெல்ல மெல்ல வந்து, மேடையில் அதிகமாகவும் வீட்டில் குறைவாகவும் இருக்காது. அது ஒரே அடியாக வரும். மறதி நோயின் தொடக்கத்திலும் சொல் கிடைக்காமல் போவது உண்டுதான். ஆனால் அங்கே பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனித்துக் கவலைப்படுவார்கள். இங்கே நீங்கள் மட்டும்தான் கவலைப்படுகிறீர்கள். உங்கள் கணவர் "எல்லாரும் அப்படித்தான் பேசுறோம், விடு" என்றதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அலட்சியமாகச் சொன்னதாக உங்களுக்கு வருத்தம். எனக்கு அது ஒரு நல்ல சாட்சியம்.

இருந்தாலும் அப்பாவுக்கு வந்திருக்கிறது என்பதால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். தைராய்டு, பி12, ரத்தசோகைக்கான பரிசோதனைகளும் செய்யலாம், அவற்றில் குறை இருந்தாலும் மூளை சோர்வாக வேலை செய்யும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் சொல் தட்டுப்படவில்லை என்று நிறையப் பெண்கள் சொல்வதுண்டு, உங்கள் வயதில் அதையும் மருத்துவரிடம் பேசலாம். தலை ஸ்கேன் வேண்டுமா என்பதை நரம்பியல் மருத்துவரின் முடிவுக்கு விடுங்கள். 'மன நிம்மதிக்காக' நீங்களாகப் போய் எடுத்தால் நிம்மதி ஒரு மாதம்தான் நிற்கும், அப்புறம் அடுத்த ஸ்கேன் தேடும்.

காத்திருக்கக் கூடாத நேரம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்வது, ஒரு பக்கக் கையோ காலோ தளர்வது, பேச்சு குழறுவது அல்லது அடுத்தவர் பேசுவது புரியாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்றாலும் போக வேண்டும். ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்குத் தலைவலிக்கு முன் சிறிது நேரம் பேச்சு தடுமாறுவது உண்டு. ஆனால் முதல்முறை வரும்போது அதுதான் என்று வீட்டிலிருந்தபடியே முடிவு கட்டக் கூடாது. உங்களுக்கு இரண்டு கை விரல்களிலும் சேர்ந்து வரும் மரமரப்பு இந்தப் பட்டியலில் இல்லை.

வாய் தவறுவது என்பது என்ன

தமிழாசிரியைக்கே தமிழ் தடுமாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் ஸ்பூனர் என்று ஒருவர் இருந்தார், ஒரு கல்லூரியின் தலைவர், 1930-இல் இறந்தார். இரண்டு சொற்களின் முதல் ஒலிகளை இடம் மாற்றிச் சொல்லிவிடும் பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 'தண்ணீர்த் தொட்டி' 'தொண்ணீர்த் தட்டி' ஆகிறதே, அதுதான். மொழி அறிவு குறைந்ததால் வந்ததல்ல அது. தெரிந்த சொற்களை எடுத்துக் கோர்க்கும் வேகத்தில் நடக்கும் பிசகு.

அந்த வேகத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு படத்தைக் காட்டினால் அதன் பெயரைச் சொல்லத் தொடங்க நமக்குச் சுமார் 600 மில்லி நொடி, அதாவது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் ஆகிறது. அதற்குள் பல ஆயிரம் சொற்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒலிகளை வரிசைப்படுத்தி, நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை போக வேண்டும். தேடும்போது ஒரு சொல் மட்டும் விழிப்பதில்லை, பொருளால் பக்கத்தில் இருப்பவையும் ஒலியால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து விழிக்கும். வேற்றுமை என்றால் ஒற்றுமை எழுந்து நிற்கும். குக்கரும் ஃபேனும் வீட்டுச் சாமான் என்று ஒரே வரிசையில் நிற்பவை. பெரும்பாலான நேரம் சரியானது முந்திவிடும், எப்போதாவது பக்கத்தில் இருப்பது முந்தும்.

பதிவு செய்த ஆங்கிலப் பேச்சுகளை வைத்து எண்ணியவர்கள், சாதாரண மனிதர் பேச்சில் சுமார் 1000 சொல்லுக்கு ஒன்று பிசகுகிறது என்று கண்டார்கள். உங்கள் கணக்கைப் போடுங்கள். நாளுக்கு ஐந்து பீரியட், ஒவ்வொன்றிலும் 20 நிமிடமாவது நீங்கள் பேசுவீர்கள், நிமிடத்துக்கு 100 சொல் என்றால் பள்ளியில் மட்டும் 10,000 சொல். பத்து பிசகு வரைக்கும் யாருக்கும் வரலாம். ஏப்ரலுக்கு முன்பும் வந்திருக்கும், நீங்கள் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

மகனைத் தம்பி பெயரால் கூப்பிடுவதைப் பட்டியலில் சேர்த்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். என் அம்மா என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அண்ணனில் தொடங்கி, தங்கையைத் தொட்டு, வீட்டு நாயையும் தாண்டித்தான் என்னிடம் வருவார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் இதையே ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். நாம் பாசம் வைத்திருப்பவர்களின் பெயர்கள் மனதில் ஒரே தொகுப்பாக அடைபட்டிருப்பதால் மாறுகின்றன என்றார்கள். நாய்ப் பெயரும் அந்த வரிசையில் வருகிறது, பூனைப் பெயர் வருவது குறைவு என்றும் கண்டார்கள். பூனை வளர்ப்பவர்கள் என்னிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். சொல் நுனி நாக்கில் நின்று வராமல் போவதும் அப்படித்தான், இளைஞர்களுக்கே வாரத்துக்கு ஒருமுறை என்ற அளவில் வருகிறது, வயது ஏற ஏறக் கூடுகிறது.

'மனசுல இருக்கிறதுதானே வாயில வரும்'

உங்களை அதிகம் வாட்டுவது இந்த வரிதான் என்று தெரிகிறது. தலைமை ஆசிரியரின் சாவை நீங்கள் விரும்பியதாக உலகம் நினைத்துவிட்டது என்று பயப்படுகிறீர்கள்.

வாய் தவறுவதில் அடக்கி வைத்த எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்று பிரபலமாக்கியவர் சிக்மண்ட் ஃப்ராய்டு, 1901-இல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே அதே வியன்னாவில் ருடால்ஃப் மெரிங்கர் என்ற மொழியறிஞர் ஆயிரக்கணக்கான பிசகுகளைச் சேகரித்து, அவை ஒலி ஒற்றுமை, பொருள் ஒற்றுமை என்ற ஒழுங்குக்குள் நடக்கின்றன என்று காட்டியிருந்தார். பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் மெரிங்கர் பக்கமே நிற்கின்றன. நிறைவு, மறைவு: முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் 'றைவு'. இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

ஆனாலும் மனதுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1970-களில் அமெரிக்காவில் மைக்கேல் மாட்லி, பெர்னார்ட் பார்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களின் உடம்பில் மின்கம்பியை ஒட்டி, ஷாக் அடித்தாலும் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, சொல் ஜோடிகளை வேகமாகப் படிக்க வைத்தார்கள். அவர்கள் வாய் தவறியபோது மின்சாரம், அதிர்ச்சி சம்பந்தப்பட்ட சொற்களாக மாறியது அதிகம். ஆசையைவிட, அந்த நேரத்தில் மனதை அடைத்துக்கொண்டிருப்பது எதுவோ அது வாய்க்குச் சீக்கிரம் வந்து சேர்கிறது.

உங்களுக்கு எது அடைத்துக்கொண்டிருந்தது? போன வருடம் அப்பா போனார். காரியப் பத்திரிகைக்கு வாசகம் எழுதியது நீங்கள்தான் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வருடாந்திரத் திதி அந்த விழாவுக்கு ஒரு வாரம் முன்புதான் வந்திருக்கிறது. 'மறைவு' என்ற சொல்லை அந்த ஓர் ஆண்டில் எத்தனை முறை எழுதியிருப்பீர்கள், எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! வயதில் மூத்த ஒருவரை மேடையில் உட்கார வைத்து வழியனுப்பும்போது அந்தச் சொல் வாசல்படியிலேயே நின்றிருக்கும். அதை நீங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான்காவது மன்னிப்பும் வேண்டாம், அவர் மறந்துவிட்டதை நீங்கள்தான் போய் ஞாபகப்படுத்துகிறீர்கள். அப்பாவை நினைத்து அழ உங்களுக்கு நேரம் கிடைத்ததா என்பதைத்தான் நான் கேட்க நினைக்கிறேன். கடிதத்தில் அவருடைய நோயைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அவரைப் பற்றி ஒன்றுமே இல்லை.

மாமியாரின் கதைக்கும் வருகிறேன். கும்பகர்ணன் நித்தியத்துவம் கேட்கப் போய் நித்திரைத்துவம் கேட்டான், பிரம்மா உடனே "தந்தோம்" என்றுவிட்டார். உங்கள் மேடையில் பிரம்மா யாரும் இல்லை. நீங்கள் திருத்தினீர்கள், விழா நடந்தது, ஐயாவும் சால்வையோடு வீட்டுக்குப் போனார். கூத்தனூருக்குப் போக விருப்பம் இருந்தால் போய் வாருங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். தண்டனைக்குப் பரிகாரம் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள்.

பயம் எப்படி வாயைப் பிடிக்கிறது

பதற்றம் வந்தால் நெஞ்சு அடிக்கும், வாய் உலரும், மூச்சு மேலாக ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் மனம் பிடித்து வைத்திருக்கக் கூடியது கொஞ்சம்தான். அடுத்த வாக்கியத்தைத் தயாரிக்க வேண்டிய அந்த இடத்தில் 'தவறிவிடுமோ, சிரிப்பார்களோ, அப்பா மாதிரி ஆகிவிடுமோ' என்ற மூன்று பேர் வந்து உட்கார்ந்துகொண்டால் வாக்கியத்துக்கு இடம் ஏது?

அதோடு, தானாக நடக்கும் வேலையை நின்று கவனித்தால் அது கெடும். தினமும் கண்ணாடிகூடப் பார்க்காமல் புடவைக் கொசுவம் மடித்துச் செருகுகிறவர், கல்யாண வீட்டில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றால் மூன்று முறை அவிழ்த்துக் கட்டுவார். நீங்கள் இப்போது ஒவ்வொரு சொல்லையும் வாயிலிருந்து கிளம்புவதற்கு முன் பிடித்துச் சோதனை போடுகிறீர்கள். 'மறைவு' என்று சொல்லிவிடக் கூடாது என்று நினைப்பதற்கே மூளை அந்தச் சொல்லை எழுப்பித் தயாராக வைக்க வேண்டியிருக்கிறது. பயம் பிசகைக் கூட்டுகிறது, பிசகு பயத்தைக் கூட்டுகிறது. தொடங்கியது மாத்திரையாகவே இருந்தாலும் இந்தச் சுற்று தனியாக ஓடத் தொடங்கியிருக்கும், மாத்திரையை மாற்றியதும் தானாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எழுதி வைத்துப் படிப்பது, மாணவர்களை வாசிக்கச் சொல்வது, சொல்லைச் சுற்றிப் போவது எல்லாம் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் தவறினாலும் ஒன்றும் ஆகாது என்று கண்டுகொள்ளும் வாய்ப்பை அவை ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. சொல்லைச் சுற்றிப் போவதைத்தான் முதலில் விட வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க வேண்டியவை

நாளை வகுப்பில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்யுங்கள். எழுவாய் என்பதற்குப் பயனிலை என்று சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு தாளில் 'என்ன நடக்கும்' என்று உங்கள் பயம் சொல்வதை எழுதி வையுங்கள், முடிந்த பிறகு என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பிள்ளைகள் "டீச்சர், எழுவாய்!" என்று கத்துவார்கள், கவனித்தவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியும். விளையாட்டுபோல இருந்தாலும் பதற்றச் சிகிச்சையில் நாங்கள் செய்யச் சொல்கிற முக்கியமான பயிற்சி இது. வாரத்துக்கு மூன்று முறையாவது செய்யுங்கள்.

நிஜமாகவே தவறினால் சரியான சொல்லை மட்டும் சொல்லிவிட்டு மேலே போங்கள். வானொலிச் செய்தி வாசிப்பவர்கள் "மன்னிக்கவும்" என்று ஒரு சொல்லோடு அடுத்ததற்குப் போய்விடுவார்கள், நமக்கு எந்த இடத்தில் என்று மறந்தும்விடும். விளக்கம் சொல்லி, சிரித்துச் சமாளித்து, நெற்றியைத் தட்டிக்கொண்டால்தான் பிசகு ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது.

பேசும்போது கவனத்தை நாக்கிலிருந்து எடுத்து வகுப்பின்மேல் வையுங்கள். மூன்றாவது பெஞ்சில் யார் தூங்குகிறார்கள், யார் புரிந்து தலையாட்டுகிறார்கள் என்று பாருங்கள். நாக்கு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். தொடங்குவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி, நாலைந்து முறை விடுங்கள். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினாலும் விரல் மரமரக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாள் திருத்துவதற்காக ஒரு மணி வரை விழித்து ஐந்தரைக்கு எழுகிறீர்கள், நாளுக்கு நான்கு காபி. தூக்கம் கெட்டால் யாருக்கும் சொல் தடுமாறும். இரண்டு காபியைக் குறைத்து ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கூட்டுங்கள். அதிக டோபிரமேட்டைவிட அதிகக் காபியைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

தோழியின் மாத்திரை

வேண்டாம். ப்ராப்ரனலால் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், உண்மைதான். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் பயன்படும். வேறு ஒருவராக இருந்தால் ஒரே மாத்திரையில் இரண்டு வேலை என்று நானே யோசித்திருப்பேன். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் விட்டுவிடும். சின்ன வயது வீசிங் முழுக்கப் போய்விட்டதா என்று பரிசோதிக்காமல் அதைத் தொடக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது வீசிங்கைச் சொல்லியே ஆக வேண்டும், மாற்று மருந்தாக அவருக்கும் முதலில் இதுவே தோன்றலாம். அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகளையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அவை பேச்சைக் குழற வைக்கும், மறதியைக் கூட்டும், பழக்கமாகிவிடும். உங்களுக்கு எந்தப் பயம் இருக்கிறதோ அதையே உண்டாக்கிவிடும்.

மனநல மருத்துவரிடம் போவது

மாத்திரையைச் சரிசெய்து, மேலே சொன்னதை ஆறு வாரம் செய்து பார்த்தும் பயம் குறையவில்லை என்றால் நேரில் போங்கள். பேச்சு வழிச் சிகிச்சை இந்த வகைப் பயத்துக்கு நன்றாகவே கேட்கும், மூன்று நான்கு மாதம் வாரம் ஒருமுறை என்பது வழக்கமான அளவு. பதற்றம் கடுமையாக இருந்தால் மருந்தும் சேர்ப்போம். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் பத்து நாள் படபடப்பு சற்றுக் கூடினாலும் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் தருவோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க மட்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

பள்ளிக்குத் தெரியுமா என்ற பயத்துக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவின்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். சட்டம் சொல்லியிருக்கும் சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவர் அதை உங்கள் நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது. விருப்பமில்லாமல் நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாட்ஸ்அப் வீடியோவைப் பொறுத்தவரை, குழு நிர்வாகியிடம் நீக்கச் சொல்லி ஒருமுறை நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதற்கு மேல் சண்டைக்குப் போவதா என்பது உங்கள் விருப்பம், நான் போக மாட்டேன்.

விருப்ப ஓய்வைப் பற்றி இந்த வருடம் பேசவே வேண்டாம். பயம் உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவு, பயத்துக்குச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் சேர்த்துக் கொடுப்பது மாதிரி. 17 வருடமாக இலக்கணம் நடத்துகிறீர்கள். டோஸ் குறைந்த பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே அதைக் கைகழுவுவானேன்?

ஆசிரியர் தினத் தொகுப்புரையை முழுவதும் ஏற்கவும் வேண்டாம், முழுவதும் மறுக்கவும் வேண்டாம். வரவேற்புரை மட்டும் செய்கிறேன், இரண்டு நிமிடம், என்று சொல்லுங்கள். குறிப்பு வைத்துக்கொள்ளலாம், பெயர்களுக்கு மட்டும். முழு வாக்கியங்கள் வேண்டாம். புதுத் தலைமை ஆசிரியரின் பெயரை முந்தினவர் பெயரோடு மாற்றிச் சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு மட்டுமல்ல, அன்று மேடையேறும் எல்லோருக்கும் இருக்கிறது, உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

செப்டம்பர் 5 முடிந்ததும் எழுதுங்கள். நரம்பியல் மருத்துவர் மாத்திரையைப் பற்றி என்ன சொன்னார், சோடா எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து.